வெளிநாட்டில் காப்புரிமை விண்ணப்பம் போடுவது எப்படி? ஒரு தேங்காய் இயந்திரத்தை வைத்து முழுமையான வழிகாட்டி

"உலகப் பேட்டன்ட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒன்று கிடையாது. இந்தியாவில் வாங்கிய காப்புரிமை இந்திய எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். கடல் தாண்டி இலங்கையில் ஒருவர் உங்கள் இயந்திரத்தை அச்சு அசலாகச் செய்து அங்கேயே விற்றால், இந்தியச் சான்றிதழை வைத்து அவரை ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தனியாகப் பணம் கட்ட வேண்டும், அந்தந்த நாட்டு அதிகாரி கேட்கும் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

நான் வக்கீல் இல்லை. காப்புரிமை விண்ணப்பங்களுக்குத் தாள் தயார் செய்து, கெடுத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆள். அந்த நாற்காலியில் இருந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: கண்டுபிடிப்பு சரியில்லாமல் தோற்றவர்களைவிடத் தேதியைத் தவறவிட்டவர்களும், தேவையில்லாத நாட்டில் பணத்தைக் கொட்டியவர்களும்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் சட்டத்தைவிடக் காலண்டரும் கணக்கும்தான் கூடுதலாக வரும்.

பேச்சுக்கு ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரம் செய்திருக்கிறார். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு முள் உருளைகள் ஏற்கெனவே ஊரெல்லாம் இருப்பதுதான். இவருடையதில் புதிது என்னவென்றால், காயின் பருமனுக்குத் தக்கபடி உருளைகளின் இடைவெளியைத் தானே கூட்டிக் குறைக்கும் ஒரு ஸ்பிரிங் அமைப்பு. இவரை வைத்தே கடைசி வரை போவோம்.

முதல் படி: யாரிடமும் காட்டாதீர்கள்

விண்ணப்பம் போடுவதற்கு முன் கண்டுபிடிப்பு வெளியே தெரிந்துவிட்டால் பல நாடுகளில் கதை முடிந்தது. ஐரோப்பாவில் இது ரொம்பக் கறார்: நீங்களே போட்ட வீடியோவாக இருந்தாலும் அது உங்களுக்கு எதிரான சாட்சிதான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் ஒரு வருடச் சலுகை உண்டு, ஜப்பானில் அதற்கென்று தனியாக மனு கொடுக்க வேண்டும். இந்தியாவில் சலுகை மிகக் குறுகலானது, எந்தக் கண்காட்சியில் வைத்தாலும் பரவாயில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

ஒரு தடவை எங்களிடம் ஒருவர் அருமையான வரைபடங்களோடு வந்தார். எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது, "இதை யூடியூப்பில் போட்டு நாலு மாசம் ஆச்சு சார், நல்ல ரெஸ்பான்ஸ்" என்று பெருமையாகப் போனை நீட்டினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அமெரிக்கா திறந்திருந்தது, ஐரோப்பா மூடிவிட்டது.

காட்டியே ஆக வேண்டிய ஆட்கள் (அச்சு வார்ப்பவர், முதலீடு செய்பவர், சோதனைக்குக் கொடுக்கும் தோப்புக்காரர்) இருந்தால், முதலில் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுக் காட்டுங்கள்.

இரண்டாம் படி: இந்தியாவில் ஒரு தேதியைப் பிடியுங்கள்

இந்தத் தொழிலில் எல்லாமே முதல் விண்ணப்பத் தேதியில் இருந்துதான் எண்ணப்படும். அதை முன்னுரிமைத் தேதி என்பார்கள், அலுவலகங்களில் பேச்சுவழக்கில் பிரயாரிட்டி. 1883ஆம் வருடத்துப் பாரிஸ் உடன்படிக்கை தரும் வசதி இது. ஒரு நாட்டில் முதலில் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் இன்னொரு நாட்டில் போட்டால், இரண்டாவது விண்ணப்பத்தையும் முதல் தேதியிலேயே போட்டது போல எடுத்துக்கொள்வார்கள். நடுவில் வேறு யாராவது அதே யோசனையோடு வந்தாலும் நீங்கள்தான் முந்தியவர். இந்தியா இந்த உடன்படிக்கையில் 1998 டிசம்பர் 7இல் சேர்ந்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. நேரில் போக வேண்டியதில்லை, இணையத்திலேயே போடலாம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பெரிய நிறுவனம் என்றால் 8,000. முழு விவரமும் தயாராகவில்லை என்றால் புரொவிஷனல் விண்ணப்பம் போட்டுத் தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம்.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். புரொவிஷனல்தானே என்று ஒரு பக்கத்தில் பேருக்கு எழுதிப் போடுகிறவர்கள் நிறைய. அந்தத் தாளில் எது எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அந்தத் தேதி கிடைக்கும். நம் பட்டறைக்காரர் மார்ச்சில் "ஸ்பிரிங்" என்று மட்டும் எழுதிவிட்டு, நவம்பரில் ஸ்பிரிங்குக்குப் பதில் ஹைட்ராலிக் சிலிண்டர் வைத்தால் இன்னும் நன்றாக ஓடுகிறது என்று கண்டு அதையும் முழு விவரத்தில் சேர்த்தால், சிலிண்டருக்கு மார்ச் தேதி வராது. இடையில் ஆகஸ்டில் யாராவது சிலிண்டர் வைத்த இயந்திரத்தை வெளியிட்டிருந்தால் அந்தப் பகுதி போச்சு. ஆகவே முதல் நாளே "ஸ்பிரிங், ரப்பர் கட்டை, காற்றழுத்த சிலிண்டர், ஹைட்ராலிக் சிலிண்டர், அல்லது இடைவெளியைத் தானே சரிசெய்யும் வேறெந்த மீள்விசை அமைப்பும்" என்று மனதுக்கு வந்த அத்தனையையும் எழுதி, பென்சிலில் வரைந்த படமாக இருந்தாலும் சேர்த்து அனுப்புங்கள். தாள் கூடினால் நஷ்டமில்லை, குறைந்தால்தான் நஷ்டம்.

மூன்றாம் படி: வெளிநாட்டில் போட அனுமதி

பலருக்கு இது தெரியவே தெரியாது. இந்தியாவில் வசிக்கும் ஒருவர் அனுமதி இல்லாமல் நேராக வெளிநாட்டில் காப்புரிமை விண்ணப்பம் போடக்கூடாது. 1970ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. மீறினால் 118ஆம் பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதைவிட வலிப்பது, இங்கே போட்ட விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

வழி இரண்டு இருக்கிறது. ஒன்று, இந்தியாவில் முதலில் போட்டுவிட்டு ஆறு வாரம் காத்திருப்பது. அதற்குள் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரகசிய உத்தரவு எதுவும் வரவில்லை என்றால் தாராளமாக வெளியே போடலாம். இரண்டு, படிவம் 25 கொடுத்து அனுமதி கேட்பது. கண்டுபிடிப்பைப் பற்றிய சுருக்கமும், எந்த நாட்டில், எதற்காக என்ற காரணமும் அதில் வேண்டும். சாதாரணமாக 21 நாளில் முடிவு வந்துவிடும், ராணுவம், அணுசக்தி சம்பந்தப்பட்டது என்றால் மத்திய அரசு வரை போகும்.

இதில் மாட்டுகிறவர்கள் பட்டறைக்காரர்கள் இல்லை, ஐடி ஆட்கள்தான். சட்டம் பார்ப்பது குடியுரிமையை அல்ல, வசிப்பிடத்தை. ஓசூரில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்கிற ஒருவர் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் இருந்தால் அவருக்கும் இந்த அனுமதி தேவை. அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு சட்டம் உண்டு என்பதால் இரண்டு நாட்டு ஆட்களும் சேர்ந்து செய்த வேலை என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: நேராகவா, பிசிடி வழியாகவா

12 மாதம் முடிவதற்குள் இதை முடிவு செய்ய வேண்டும். ஒன்றிரண்டு நாடு போதும், எந்த நாடு என்றும் தெளிவாகத் தெரியும் என்றால் அந்த நாடுகளிலேயே நேராகப் போட்டுவிடுங்கள், அதுதான் செலவு குறைவு. இன்னும் முடிவாகவில்லை, வாங்குபவர் கிடைப்பாரா பார்க்க வேண்டும், காசும் இப்போது இல்லை என்றால் பிசிடி.

பிசிடி (காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம்) என்பது 1970இல் கையெழுத்தாகி 1978இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம். ஜெனீவாவில் இருக்கும் வைப்போ, அதாவது ஐ.நா.வின் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு, நிர்வகிக்கிறது. 150க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள், இலங்கையும் சிங்கப்பூரும் மலேசியாவும் இதில் உண்டு. ஒரே ஒரு விண்ணப்பம் போட்டால் அத்தனை நாட்டிலும் உங்களுக்கு இடம் போட்டு வைத்தது போல ஆகிவிடும். ஆனால் துண்டு போட்டு வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான், டிக்கெட் வாங்கவில்லை. பிசிடி எந்த நாட்டிலும் காப்புரிமை தராது. அது தருவது அவகாசம்: முதல் தேதியில் இருந்து 30 மாதம், சில இடங்களில் 31. பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், அர்ஜென்டினா, தைவான் ஆகியவை பிசிடியில் இல்லை. அங்கே வேண்டுமென்றால் 12 மாதத்துக்குள் நேராகத்தான்.

நம் ஆளின் காலண்டரைப் போட்டுப் பார்ப்போம். 2025 மார்ச் 10 அன்று சென்னையில் புரொவிஷனல். ஆறு வாரக் காத்திருப்பு ஏப்ரல் 21இல் முடிகிறது. 2026 மார்ச் 10க்குள் பிசிடி விண்ணப்பம் போக வேண்டும், அதே நாளுக்குள் இந்தியாவில் முழு விவரமும் போக வேண்டும் (போடாவிட்டால் இந்திய விண்ணப்பம் செத்துவிடும், அப்புறம் பிசிடி வழியாகவே 31 மாதத்துக்குள் இந்தியாவுக்குள் திரும்ப வரவேண்டியிருக்கும், அதுவும் ஒரு வழிதான்). 18 மாதம் முடிவது 2026 செப்டம்பர் 10; அதை ஒட்டி விண்ணப்பம் உலகத்துக்கே தெரியும்படி வெளியாகும். ஜெனீவாவில் வியாழக்கிழமைதோறும் வெளியிடுவார்கள், அந்த நாளும் வியாழனாகவே அமைகிறது. 30 மாதம் முடிவது 2027 செப்டம்பர் 10. இந்தத் தேதிகளைப் போனிலும், சுவரிலும், வீட்டுக்காரம்மாவின் காலண்டரிலும் எழுதி வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஐந்தாம் படி: பிசிடி விண்ணப்பத்தைப் போடுவது

சென்னை அலுவலகம் வழியாகப் போடலாம், அல்லது வைப்போவின் இ-பிசிடி தளத்தில் ஜெனீவாவுக்கே போடலாம். ஆங்கிலத்தில் விவரம், க்ளெய்ம்கள் (எது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று எண் போட்டு எழுதும் வரிகள்), சுருக்கம், படங்கள், கோரிக்கைப் படிவம் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டு. முதல் விண்ணப்பத்தின் சான்றிட்ட நகலும் வேண்டும், முதல் தேதியில் இருந்து 16 மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். டாஸ் என்ற மின்னணு வசதி இந்தியாவில் 2018இல் இருந்து இருப்பதால் ஒரு குறியீட்டு எண்ணைக் கொடுத்தாலே ஜெனீவா தானே எடுத்துக்கொள்ளும்.

பணத்துக்கு வருவோம். சர்வதேசக் கட்டணம் 30 தாள் வரை 1,330 சுவிஸ் ஃபிராங்க், அதற்கு மேல் ஒவ்வொரு தாளுக்கும் 15. மின்னணு முறையில் போட்டால் கொஞ்சம் கழிவு. நல்ல செய்தி என்னவென்றால், விண்ணப்பதாரர்கள் எல்லோரும் இந்தியாவில் வசிக்கும் இந்தியத் தனிநபர்களாக இருந்தால் இதில் 90 சதவீதம் தள்ளுபடி. கம்பெனி பெயரில் போட்டால் கிடையாது. உடனே "அப்போ என் பெயரில் போட்டுவிட்டு அப்புறம் கம்பெனிக்கு மாற்றிக்கிறேன்" என்று தோன்றும். உரிமை ஏற்கெனவே கம்பெனிக்குச் சேர வேண்டியது என்று ஒப்பந்தம் இருந்தால் அப்படிச் செய்யக்கூடாது.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. இந்திய விண்ணப்பம் உங்கள் பெயரில், பிசிடி விண்ணப்பம் கம்பெனி பெயரில் என்றால், முன்னுரிமையையும் சேர்த்து உரிமை மாற்றிக் கொடுக்கும் பத்திரம் பிசிடி போடும் தேதிக்கு முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டும். பின் தேதியிட்ட பத்திரத்தை ஐரோப்பாவில் எதிராளி பிடித்துக்கொண்டால் வருடக்கணக்கில் வழக்கு.

தேடல் அலுவலகத்தை, அதாவது இதே மாதிரி ஏற்கெனவே எங்காவது வந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் அலுவலகத்தை, தேர்ந்தெடுக்கவும் சொல்வார்கள். இந்திய அலுவலகமே 2013 அக்டோபரில் இருந்து இதைச் செய்கிறது, கட்டணமும் குறைவு. ஐரோப்பாவுக்கு நிச்சயம் போவேன் என்பவர்கள் ஐரோப்பிய அலுவலகத்தையே தேர்ந்தெடுத்தால், பிறகு அங்கே இன்னொரு தேடலுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நம் தேங்காய் இயந்திரத்துக்கு இந்தியாவே போதும்.

ஆறாம் படி: தேடல் அறிக்கையைப் படிப்பது

பிசிடி போட்ட சில மாதத்தில் ஒரு அறிக்கை வரும். ஒரு அட்டவணை, இடது ஓரத்தில் ஆங்கில எழுத்துகள். இதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஏஜென்டிடம் (உங்களுக்காக விண்ணப்பத்தை நடத்தித் தரும் காப்புரிமை முகவரிடம்) தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நீங்களே படியுங்கள், ஏனென்றால் இனி லட்சக்கணக்கில் செலவழிக்கலாமா வேண்டாமா என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது.

"ஏ" என்றால் சும்மா பின்னணித் தகவல், பயமில்லை. "ஒய்" என்றால் அந்த ஆவணத்தை இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்தால் உங்கள் யோசனை சுலபமாகத் தோன்றிவிடும் என்று அர்த்தம். "எக்ஸ்" என்றால் அந்த ஒரு ஆவணமே உங்கள் க்ளெய்முக்குப் போதுமான எமன். பக்கத்திலேயே எந்தெந்த க்ளெய்முக்கு என்று எண் போட்டிருக்கும். உதாரணமாக, எதிரெதிராகச் சுற்றும் உருளைகளைப் பற்றிய க்ளெய்ம் 1க்கு எதிரில் எக்ஸ், ஸ்பிரிங்கைப் பற்றிய க்ளெய்ம் 4க்கு எதிரில் வெறும் ஏ என்றிருந்தால் சந்தோஷப்படுங்கள். 4இல் இருப்பதை 1இல் சேர்த்துச் சுருக்கினால் உருப்படியான காப்புரிமைக்கு வாய்ப்பு இருக்கிறது. இந்தக் கட்டத்திலேயே க்ளெய்ம்களை ஒருமுறை திருத்தவும் இடம் தருகிறார்கள். எல்லா க்ளெய்முக்கும் எக்ஸ், எடுத்துப் பார்த்தால் உண்மையிலேயே அச்சு அசலாக உங்கள் இயந்திரம்தான் என்றால், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதிப் பணம் மிச்சம்.

ஏழாம் படி: எந்த நாடு

"அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் போட்டுடலாம் சார்" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. அமெரிக்கக் காப்புரிமையைக் கண்ணாடி ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே யார் ஆயிரக்கணக்கில் மட்டை உரிக்கிறார்கள்? இந்தியாவோடு சேர்த்துத் தேங்காய் அதிகம் விளைவது இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும். பக்கத்தில் இலங்கை. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: இந்த இயந்திரத்தை எங்கே வாங்குவார்கள், எங்கே காப்பியடித்துச் செய்வார்கள்? இரண்டாவது கேள்விக்குச் சீனா என்று பதில் வந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள். இரண்டுக்கும் பதிலில் வராத நாட்டை வெட்டிவிடுங்கள்.

என் அனுபவத்தில், உள்ளூர் ஏஜென்ட் கட்டணம், அரசுக் கட்டணம், மொழிபெயர்ப்பு, பிறகு வரும் கேள்விகளுக்குப் பதில் எல்லாம் சேர்த்தால் ஒரு நாட்டுக்கே லட்சங்களில்தான் முடியும். சிறு தொழிலாக இருந்தால் மூன்று நாட்டுக்கு மேல் போகும் முன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசியுங்கள்.

எட்டாம் படி: நாட்டுக்குள் நுழைவது

30ஆம் மாதத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அந்தந்த நாட்டு ஏஜென்ட்டை அமர்த்திவிடுங்கள். கடைசி வாரத்தில் போனால் அவசரக் கட்டணம் கேட்பார்கள், மொழிபெயர்ப்பும் அவசரத்தில் குளறுபடியாகும். பிலிப்பைன்ஸிலும் இலங்கையிலும் ஆங்கிலத்திலேயே போடலாம். இந்தோனேசியாவுக்கு அவர்கள் மொழியில், சீனாவுக்குச் சீனத்தில், ஜப்பானுக்கு ஜப்பானிய மொழியில் தர வேண்டும். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறினால் க்ளெய்மின் எல்லையே மாறிவிடும். தொழில்நுட்பச் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, படத்தில் எந்தப் பாகம் என்று குறித்துக் கொடுங்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு: சிறு நிறுவனத்துக்கு 60 சதவீதம், மைக்ரோ (இன்னும் சிறிய விண்ணப்பதாரர்) தகுதி இருந்தால் 80 சதவீதம் பல கட்டணங்களில் தள்ளுபடி உண்டு. மொத்தம் 20 க்ளெய்ம், அதில் வேறு க்ளெய்மைச் சாராமல் தனித்து நிற்பவை 3, அதற்கு மேல் போனால் கூடுதல் பணம். மற்ற நாட்டு அலுவலகங்கள் உங்களுக்கு எதிராகக் காட்டிய ஆவணங்களை அமெரிக்க அலுவலகத்துக்கு நீங்களாகவே தெரிவிக்க வேண்டும், மறைத்தால் பின்னால் காப்புரிமையையே அமல்படுத்த முடியாமல் போகலாம்.

ஐரோப்பா போகிறவர்களுக்கு: 31 மாதம், 15 க்ளெய்முக்கு மேல் கூடுதல் கட்டணம். காப்புரிமை கிடைத்த பிறகும் எந்தெந்த நாட்டில் என்று தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். 2023 ஜூன் 1இல் இருந்து ஒரே பதிவில் பல நாடுகளை அடக்கும் ஒருங்கிணைந்த காப்புரிமை வந்திருக்கிறது. ஸ்பெயினும் பிரிட்டனும் அதில் இல்லை.

ஒன்பதாம் படி: அதற்குப் பிறகு

விண்ணப்பம் போய்விட்டது என்று காலை நீட்டிப் படுக்க முடியாது. சீனா, ஜப்பான், கொரியாவில் எல்லாம் பரிசோதனையை (அதிகாரி உங்கள் விண்ணப்பத்தை ஆராய்வதை) தனியாகக் கேட்க வேண்டும், அதற்கும் கெடு உண்டு. அப்புறம் ஆட்சேபணைக் கடிதங்கள் வரும். முதல் கடிதத்தில் எல்லா க்ளெய்மையும் நிராகரித்திருப்பார்கள், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும்.

இந்திய அலுவலகத்துக்கும் கணக்கு காட்ட வேண்டும். வெளிநாட்டில் எங்கெங்கே போட்டிருக்கிறீர்கள் என்பதைப் படிவம் 3இல் சொல்வது கட்டாயம். 2024இல் விதிகளைத் திருத்திய பிறகு, முதல் பரிசோதனை அறிக்கை வந்து மூன்று மாதத்துக்குள் புதுப்பித்துக் கொடுத்தால் போதும் என்று ஓரளவு எளிதாகியிருக்கிறது.

18ஆம் மாதம் விண்ணப்பம் வெளியானதும் உங்கள் முகவரி உலகத்துக்கே தெரிந்துவிடும், கூடவே கடிதங்களும் வரத் தொடங்கும். சர்வதேசப் பதிவேடு, உலகளாவிய காப்புரிமைத் தரவகம் என்று பெரிய பெரிய பெயர்கள், கழுகுச் சின்னம், உங்கள் விண்ணப்ப எண், வெளியான தேதி எல்லாம் சரியாக அச்சிட்டு, எட்டு நாளில் இவ்வளவு கட்டுங்கள் என்று பில். அத்தனையும் மோசடி. வைப்போவே தன் தளத்தில் இப்படிப்பட்ட கடிதங்களின் நகல்களைப் போட்டு எச்சரிக்கிறது. உங்கள் ஏஜென்ட் வழியாக வராத எந்தப் பில்லுக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

காப்புரிமை கிடைத்துவிட்டால் 20 வருட ஆயுள், பிசிடி போட்ட தேதியில் இருந்து எண்ணுவார்கள். ஆனால் அந்த ஆயுள் புதுப்பிப்புக் கட்டணம் கட்டினால்தான். பெரும்பாலான நாடுகளில் வருடாவருடம், வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்த நாளில் இருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை வருடங்களில் மூன்றே தவணை. தவறவிட்டால் அபராதத்தோடு கட்ட ஆறு மாத அவகாசம் பொதுவாக உண்டு. இயந்திரம் ஒரு நாட்டில் விற்கவே இல்லை என்று ஐந்தாவது வருடம் தெரிந்தால் அந்த நாட்டுக்கு மட்டும் கட்டாமல் விட்டுவிடுங்கள், மற்ற நாட்டுக் காப்புரிமைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.